பெயர் தெரியாத அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

மார்பில் குத்திய டாட்டூவின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய ஃபிலிமை இன்று காலைதான் உரித்தேன். தோல் இன்னும் சிவந்திருக்கிறது. நிறம் வேண்டியதைவிடக் கருமையாகவே தெரிகிறது. ஆற ஆற வெளுத்து, சரியான நிறத்துக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறட்டும் என்று காத்திருந்தால் இந்த மடலின் சூடும் சேர்ந்து ஆறிவிடும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சை, அதில் இரண்டு பக்கமும் காம்பை இழந்தது என்று நடந்ததையெல்லாம் உங்களில் பலர் கூடவே இருந்து பார்த்தவர்கள். அதை மறுபடி கிளற விருப்பமில்லை. ஆனால் உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயர் எனக்கும் தெரியாது.

காம்பையும் அதைச் சுற்றிய கருவட்டத்தையும் ஊசியும் நிறமியும் கொண்டு வரைய முடியும், தட்டையான தோல் மேடாகத் தெரியும் என்று சர்ஜன் சொன்னபோது நான் நம்பவில்லை. படங்களைக் காட்டினார்கள். எல்லாம் வேலை முடிந்த கையோடு எடுத்த படங்கள், பளபளவென்று. ஆறிய பிறகு எப்படியிருக்கும், வருடங்கள் போனால் என்ன ஆகும் என்பதற்குப் படமில்லை. ஆலோசனைக்குப் போன அன்று, மடியில் இருந்த படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டுப் பேனாவை மூடினேன். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா அதைக் கவனித்திருக்க வேண்டும். “எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார்.

“இரண்டும்.”

“எனக்கு வலது மட்டும். பார்க்கிறாயா?”

உடை மாற்றும் அறைக்கு அழைத்துப் போய்த் தாழிட்டுவிட்டு, புதிதாகத் தைத்து வந்த சட்டையைப் போட்டுக் காட்டுபவரைப் போல, எந்தப் பதற்றமும் இல்லாமல் பொத்தான்களைக் கழற்றினார். குத்தி நான்கைந்து வருடமாகிறதாம். மங்கிவிட்டதால் புதுப்பிக்க வந்திருக்கிறார். “நல்ல வேளை, இன்றைக்கு வந்தாய். அடுத்த வாரம் என்றால் புதுசைத்தான் பார்த்திருப்பாய்” என்றார்.

கை எட்டும் தூரத்தில் நின்று பார்த்தபோது எது பிறவியில் வந்தது, எது வரைந்தது என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. கிட்டே வரச் சொன்னார். தழும்பின் மேல் போன ஓரத்தில் நிறம் அதிகமாகக் கரைந்திருந்தது. தழும்புத் தோல் மையைச் சரியாகப் பிடித்து வைத்துக்கொள்வதில்லையாம். கருவட்டத்தில் எல்லோருக்கும் இருக்கும் சின்னச் சின்னப் புடைப்புகள் வரைந்த பக்கத்திலும் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் வெளிர் நிறத்தில் ஒரு புள்ளி, அடியில் நூலளவு நிழல். என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். வழவழவென்று தட்டையாக இருந்தது. கண் மேடு என்றது, விரல் இல்லை என்றது. அவர் சிரித்தார். “நீ தொடுவது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் மரத்துப் போய் வெகுகாலமாகிவிட்டது.”

அதோடு விடவில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்றார். “இங்கிருந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், பார். குளிரில் இடது சுருங்கும், வலது அப்படியே இருக்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவு செய்” என்றார். அந்தப் பக்கவாட்டுத் தோற்றம்தான் என்னைச் சம்மதிக்க வைத்தது. நிறைகளை மட்டும் காட்டியிருந்தால் வீட்டுக்குத்தான் போயிருப்பேன்.

சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து என் மார்பைப் பார்த்தவர்களுக்குக் கணக்கே இல்லை. படுக்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, அளந்து, படமெடுத்து, குறித்துக்கொண்டு போவார்கள். அது அவர்கள் வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை பேரில் தன்னுடையதைத் திறந்து எனக்குக் காட்டியவர் அந்த அக்கா ஒருவர்தான். வெளியே வந்ததும் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் மீதிப் படிவத்தை நிரப்பினேன்.

டாட்டூ கலைஞருக்கு: பார்த்து வரைய எனக்கு மறுபக்கம் இல்லை. சுமார் நான்கு சென்டிமீட்டர் விட்டத்தில் காகித வட்டங்களை வெட்டிக் கொடுத்து, கண்ணாடி முன் நிற்க வைத்து, நானே நகர்த்தி நகர்த்தி இடம் பார்க்கும்வரை பொறுத்திருந்தீர்கள். படுக்க வைத்துக் குறித்தால் எழுந்து நிற்கும்போது இடம் மாறிவிடும் என்று விளக்கினீர்கள். பழுப்பும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் குழைத்து என் தோலில் தொட்டு வைத்து, விளக்கு வெளிச்சத்தை நம்பாமல் ஜன்னலுக்கு அழைத்துப் போனீர்கள். கதிர்வீச்சு பட்ட பக்கத்தில் கையை அழுத்தவேயில்லை. அதற்கும் முன்னால், தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது, வெளுத்த பிறகு வாருங்கள் என்று திருப்பியனுப்பினீர்களே, அன்று கோபம் வந்தது. இன்று அதற்கும் சேர்த்து நன்றி.

தோலை மடித்துத் தைத்துக் காம்பு செய்யலாம், ஆனால் அது நாளாவட்டத்தில் அமுங்கிப் போகக்கூடும், எதுவுமே செய்யாமல் விட்டாலும் தவறில்லை என்று மூன்று வழிகளையும் ஒரே குரலில் சொன்ன சர்ஜனுக்கு நன்றி. இனி காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது டாட்டூ இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சில நிறமிகளில் இரும்பு ஆக்சைடு இருக்கும் என்று நினைவூட்டிய நர்ஸுக்கும், “வலிக்குமா?” என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காத கணவருக்கும், ஊசி ஓடிய நேரம் முழுவதும் வெளியே காத்திருந்த தங்கைக்கும், தொலைபேசியில் வேறு கதை பேசிச் சிரிக்க வைத்த தோழிகளுக்கும் நன்றி.

“இனிமேல் யார் பார்க்கப் போகிறார்கள், இது எதற்கு?” என்று கேட்டவர்களும் உண்டு. நான் பார்க்கிறேன், தினமும் குளிக்கும்போது. அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

சில வாரம் கழித்து, நிறம் பிடிக்காத இடங்களை மறுபடி தொட்டுத் திருத்துவார்கள். அதன் பிறகு யாராவது நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டால் என் எண்ணைக் கொடுக்கும்படி கலைஞரிடமும் சர்ஜனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். புதிதாக இருக்கும்போதும் காட்டுவேன், வெளுத்த பிறகும் காட்டுவேன், பக்கவாட்டிலும் திரும்பி நிற்பேன். படம் மட்டும் அனுப்பச் சொன்னால் அனுப்ப மாட்டேன். நேரில் வரட்டும், தொட்டுப் பார்க்கட்டும்.