கைப்பேசிக்குக் கேட்காத சத்தம்: சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாடிச் சத்தம் குறித்துப் புகார் தருபவர் கைப்பேசிச் செயலியில் அளந்து, இரவில் 45 டெசிபெலுக்கு மேல் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை இணைக்க வேண்டும், இணைத்தால் மேல்வீட்டுக்காரருக்கு அபராதம் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். அபராதத்துக்குப் பயந்து நான் எழுதவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே மூன்று மாடிகள் இருக்கின்றன. சத்தத்தை வாங்கிக்கொள்கிற கட்சி நாங்கள். உங்கள் ஏற்பாடு முதலில் கைவிடப்போவது எங்களைத்தான்.

மேலே ஒருவர் குதிகாலை ஊன்றி நடந்தால் எங்கள் கூடத்தில் தொம் தொம்மென்று இறங்குகிறது. அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கின்றன. அந்த நேரத்தில் செயலியைப் பார்த்தால் மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் முள் நகர்வதே இல்லை. இந்த அதிர்வின் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்கும், அதாவது நொடிக்கு நூறு அதிர்வுக்கும் கீழே, அடித்தொண்டைச் சத்தமாக இருக்கிறது. கைப்பேசியின் மைக்கோ பேச்சுக் குரலைப் பிடிப்பதற்கென்று செய்தது. போதாக்குறைக்கு, சட்ட வரம்புகளில் வரும் ‘ஏ’ அளவுகோல், அதாவது காது குறைவாக உணரும் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து எண்ணும் கணக்கு, 63 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 26 டெசிபெலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்லும். மிக்ஸி மாட்டிக்கொள்ளும், குதிகால் தப்பிவிடும்.

45 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது தெரிகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில், குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை உள்ள வரம்பு அது. வெளிச் சுற்றுப்புறத்துக்கு, நேரச் சராசரியாக வகுத்தது. படுக்கையறைக் கூரையில் விழும் ஓர் இடியை அதைக் கொண்டு எப்படி நிறுப்பீர்கள்? சராசரியில் நள்ளிரவு நாற்காலி இழுப்பு இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். மாடிச் சத்தத்தால் அல்லாடும் தென் கொரியாவில் இதற்கென்றே தனி அளவு வைத்திருக்கிறார்கள். நடப்பது, குதிப்பது போன்ற நேரடி அதிர்ச்சி ஒலிக்கு ஒரு நிமிடச் சராசரி. 2023இல் அதைப் பகலில் 39, இரவில் 34 டெசிபெலாகக் குறைத்தார்கள். உச்ச ஒலிக்கு வேறு வரம்பு.

கருவியும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், தன் ஒலி அளவி செயலியை ஐபோனுக்கு மட்டுமே வெளியிட்டது. ஆண்ட்ராய்டு போன்களில் மைக் ஆளுக்கொரு விதம். நம் குடியிருப்பில் எத்தனை வகை போன்கள் இருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். தவிர, இரவெல்லாம் மைக்கைத் திறந்து வைத்தால் மேல்வீட்டுச் சத்தத்தோடு நம் வீட்டுச் சண்டையும் பதிவாகும். அந்தப் பதிவைக் குழுவில் யார் யார் கேட்பீர்கள்?

கைப்பேசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன மாதிரிச் சத்தம் என்று குறித்துவைக்க அது போதும். அந்தக் குறிப்போடு குழுவில் இருவர் அந்த நேரத்தில் கீழ்வீட்டுக்கு வந்து காதால் கேட்கட்டும். பிறகு மேல்வீட்டாரோடு பேசுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு, குழந்தைகள் ஆடும் இடத்தில் ஜமுக்காளத்துக்கு அடியில் நுரை விரிப்பு: இவற்றுக்குச் சங்க நிதியிலிருந்து கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதுவரை அபராதச் சுற்றறிக்கையை நிறுத்திவைக்கக் கோருகிறேன். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவும் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
முதல் மாடிக் குடியிருப்பாளர்