கூரை மேல் சோலார், ஆளில்லா வகுப்பில் ஃபேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகளில் சோலார் தகடு வைத்தால் பிள்ளைகளுக்கு மின்சிக்கனம் தானாக வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். என் மகள் படிக்கும் பள்ளியின் மொட்டைமாடியில் தகடு மாட்டி இரண்டு வருடம் ஆகிறது. நான் பார்த்த வரையில் அப்படி எதுவும் வரவில்லை.

ஒரு நாள் மதியம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். ஆளே இல்லாத மூன்று வகுப்புகளில் ஃபேன்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வராந்தாவில் நின்ற பையனிடம், "நிறுத்தலாமே தம்பி" என்றேன். "சோலார் கரண்டுதான் சார், காசு கிடையாது" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இலவச மின்சாரம், இலவச மின்சாரம் என்று அவன் காதில் போட்டது பெரியவர்களான நாம்தான்.

கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 5 கிலோவாட் என்றால் 20 யூனிட். பழைய மாதிரி சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். அப்படி 40 ஃபேன் 7 மணி நேரம் ஓடினால் 21 யூனிட்! வெயில் தந்ததெல்லாம் ஃபேனுக்கே போதவில்லை. அப்புறம் லைட், மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாம் வாரியத்தின் கரண்டில்தான் ஓட வேண்டும். லைனோடு இணைத்த சோலாரில் மிச்சமாகும் யூனிட் வீணாவதும் இல்லை, லைன் வழியே அக்கம்பக்கத்துக்குப் போகிறது. இந்தப் பெருக்கல் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே வரும்.

கரண்ட் போனால் சோலாரும் ஏன் நின்றுவிடுகிறது என்று மகள் ஒரு நாள் கேட்டாள். வெயில் கொளுத்தும்போது நிற்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். லைனில் வேலை பார்ப்பவர் மேல் நம் கூரையின் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது, அதற்காக, தகட்டின் கரண்டை லைனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் தானே நிறுத்திக்கொள்ளும் என்று சொன்னேன். அன்றிலிருந்து வீட்டு மீட்டரையும் பார்க்க ஆரம்பித்தாள். ஞாயிறுதோறும் ரீடிங்கைக் காலண்டரில் குறிக்கிறோம். இப்போது யாரும் சொல்லாமலே ஸ்விட்சை அணைக்கிறாள். அவளை மாற்றியது தகடு அல்ல, கண்ணெதிரே ஏறும் அந்த எண்.

பள்ளியிலும் இதைச் செய்யலாம். கரும்பலகை மூலையில் பதிவு, வருகை என்று தினமும் எழுதுகிறார்களே, அதன் கீழே நேற்று சோலார் தந்த யூனிட், பள்ளி செலவழித்த யூனிட் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். தகட்டில் தூசி படிந்தால் எண் இறங்கும், கழுவினால் ஏறும், மழைநாளில் படுத்துவிடும். பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளியில் இன்வெர்ட்டர் இருக்கும் அறை பூட்டியே கிடக்கிறது. தினமும் காலையில் இரண்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர் துணையோடு அங்கே போய் ரீடிங் எடுத்து வர அனுமதி வேண்டும் என்று அடுத்த குழுக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். மற்ற பள்ளிகளின் பெற்றோரும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
திண்டுக்கல் மாவட்டம்