கையுறை மட்டும் போதாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அவளிடம் என் வாழ்த்தைச் சொல். இங்கே அனைவரும் நலம்.

அடுத்த வாரம் பல் டாக்டரிடம் வேர் சிகிச்சைக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். டாக்டர் கையுறை போடுகிறார், இடம் பளிச்சென்று இருக்கிறது, அதனால் பயமில்லை என்கிறாய். எனக்கு அது போதவில்லை. அந்தக் கையுறையை உனக்காகப் புதிதாக மாட்டினாரா என்று பார். மாட்டிய கையோடு இழுப்பறையைத் திறந்து, செல்பேசியைத் தொட்டுவிட்டு மறுபடி உன் வாயில் விரல் வைத்தால், அது அவர் கையைத்தான் காக்கும், உன்னைக் காக்காது.

பல்லைக் குடையும் கருவி இருக்கிறதே, அதைப் பற்றி நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. சுழற்சி நிற்கும்போது எச்சிலும் ரத்தமும் அதன் உள்ளே உறிஞ்சப்படக்கூடும். வெளிப்புறத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் உள்ளே இருப்பது போகுமா? ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அதைக் கழற்றி ஆட்டோகிளேவில், 121 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ வெப்பமுள்ள அழுத்த நீராவியில் வைத்தாக வேண்டும். கொதிநீர் இதற்கு ஈடாகாது. சில பாக்டீரியாக்கள் கடினமான ஓட்டுக்குள் உறங்கும் வித்துகளாக மாறிவிடும், அவை கொதிநீரில் சாவதில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸோ, உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும்.

கருவிகள் ஒட்டிய உறையில் வருகின்றனவா, உன் கண்ணெதிரே பிரிக்கிறார்களா என்று கவனி. உறை மேலுள்ள அடையாளம் நிறம் மாறியிருந்தால் சூடு பட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். ஆட்டோகிளேவ் கிருமிகளை உண்மையில் கொல்கிறதா என்பதை, உள்ளே வித்துகளை வைத்து அவை செத்தனவா என்று பார்க்கும் வித்துச் சோதனைதான் சொல்லும். அதை வாரம் ஒரு முறையாவது செய்கிறார்களா என்று கேள்.

"நல்ல குடும்பத்து ஆட்கள்தான் அங்கே வருகிறார்கள்" என்று நீ எழுதியது மட்டும் எனக்கு வருத்தம் தந்தது. ஹெபடைடிஸோ எச்.ஐ.வி.யோ யார் முகத்திலும் எழுதியிருப்பதில்லை. தனக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால்தான் யார் வந்தாலும் ஒரே அளவு கவனம் வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

கேட்டால் டாக்டர் தவறாக நினைப்பாரோ என்று தயங்காதே. ஒழுங்காகச் செய்கிறவருக்கு இதைச் சொல்வதில் மகிழ்ச்சிதான் இருக்கும். முகம் சுளித்தால் வேறு டாக்டரைப் பார். பல்வலிக்கு மாத்திரை போட்டு இரண்டு நாள் தள்ளலாம், தவறில்லை.

அவர் என்ன பதில் சொன்னார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்