மிச்சமிருக்கும் இரண்டு ஆண்டுகளையும் எடுத்துவிடுங்கள்: எயர் கனடா விமானிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

எயர் கனடா விமானிகள் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், அதன் மூத்த உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 ஒக்டோபரில் நீங்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் 2027 செப்டெம்பரில் முடிகிறது. அடுத்த பேச்சுவார்த்தைக்கு நீங்கள் எழுதப்போகும் கோரிக்கைகளில் ஒன்றை முதலாவதாக வைக்கும்படி கேட்கத்தான் இந்த மடல். புதிதாகச் சேரும் விமானிகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கொடுக்கப்படும் நிலைச் சம்பளத்தை, அதாவது எந்த விமானத்தை ஓட்டினாலும் மாறாத ஒரே சம்பளத்தை, அடியோடு எடுத்துவிடுங்கள்.

நான் விமானி அல்ல, ஒரு விமானியின் தாய். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் இருக்கிறேன். என் மகள் பறக்கப் பழகியது வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருந்த பட்டன்வில் விமான நிலையத்தில். 2023 நவம்பரில் அதை மூடிவிட்டார்கள். இப்போது அவள் வடக்கு ஒன்ராறியோவில் சிறிய விமானங்கள் ஓட்டுகிறாள். என்றாவது ஒரு நாள் எயர் கனடாவில் சேர வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. எங்கள் சமூகத்தில் இப்படிப் பல பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதியை உங்களுக்குத் தபாலில் அனுப்புவேன்.

வர்த்தக விமானி உரிமத்துக்குக் கனடாவில் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கே பல பத்தாயிரம் டொலர் செலவாகிவிடும். ஆனால் 200 மணி நேரத்தை வைத்துக்கொண்டு பெரிய நிறுவனத்தின் கதவைத் தட்ட முடியாது. அதனால் பிள்ளைகள் வடக்கே போகிறார்கள். சில இடங்களில் முதலில் விமானத்தைத் தொடவே விடமாட்டார்கள். மாதக்கணக்கில் பெட்டி ஏற்றி, எரிபொருள் நிரப்பி, பனி அகற்றி, அதன் பிறகுதான் இருக்கை கிடைக்கும். அப்படி ஆயிரக்கணக்கான மணி நேரம் சேர்த்துக்கொண்டு, முப்பதிலோ சில வேளை நாற்பதிலோதான் உங்கள் நிறுவனத்துக்கு வந்து சேர்கிறார்கள். 'புதியவர்' என்று ஒப்பந்தம் சொல்லும் ஆள் பெரும்பாலும் பத்து வருடம் தொழில் பார்த்தவர். விமானத் தொழிலில் மூப்பு நிறுவனத்தோடு ஒட்டியது என்பதால், வேறு நிறுவனத்தில் கப்டனாக இருந்தவர்கூட இங்கே வந்தால் பட்டியலின் அடியில்தான் நிற்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களிடம் சொல்கிறேன் என்பதால்தான் நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

மற்ற எல்லோருக்கும் மணிக்கூலி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? எந்த விமானம், எந்த இருக்கை, எத்தனை வருட சேவை என்பதை வைத்துத்தான். பெரிய விமானத்துக்குக் கூடுதல், சிறியதற்குக் குறைவு. புதியவருக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை. எதை ஓட்டினாலும் அவருக்கு ஒரே நிலையான தொகை. அத்திலாந்திக்கைத் தாண்டி இரவு முழுக்கப் பறக்கும் விமானத்தில், ஒரே உரிமத்தோடு, ஒரே பொறுப்போடு அமரும் இரண்டு துணை விமானிகளில் ஒருவர் இரண்டாம் ஆண்டிலும் மற்றவர் ஐந்தாம் ஆண்டிலும் இருக்கலாம். சேவைக் காலத்துக்காக ஒரு வித்தியாசம் இருக்கட்டும், அதை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் ஓட்டும் விமானமே கணக்கில் வராது என்பதற்கு என்ன நியாயம்?

முன்பு இது நான்கு ஆண்டுகளாக இருந்தது. 2024-ல் நீங்கள் போராடி இரண்டாகக் குறைத்தீர்கள். அது சின்ன வேலை இல்லை, அதற்கு நன்றி. அந்த ஓகஸ்ட்டில் 98 வீதமானோர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்ததும், செப்டெம்பர் நடுப்பகுதியில் விமானங்கள் நிற்கப்போகின்றன என்று ஊரே பயந்துகொண்டிருந்தபோது செப்டெம்பர் 15-ல் உடன்பாடு வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். 26 வீத உயர்வு முந்தைய ஆண்டிலிருந்தே கணக்கிடப்பட்டது. அப்புறம் வருடத்துக்கு 4 வீதமாக மூன்று முறை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கணக்கிட்டால் 42 வீதத்துக்குக் கிட்ட வருகிறது. நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 1.9 பில்லியன் டொலர் கூடுதல் மதிப்பு என்று பேசப்பட்டது.

அவ்வளவு வந்த பிறகும் வாக்கெடுப்பில் ஆதரவு 67 வீதம்தான். மூன்றில் ஒருவர் வேண்டாம் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்திருக்கும். ஆனால் இளையவர்கள் வெளிப்படையாகச் சொன்ன குறைகளில் இந்த இரண்டு ஆண்டும் ஒன்று.

பேச்சுவார்த்தையில் இது எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரிகிறது. நிறுவனம் ஒரு மொத்தத் தொகையை வைக்கிறது. அதை யாருக்கு எவ்வளவு என்று பங்கிட வேண்டியிருக்கிறது. வாக்களிக்கப்போகிறவர்கள் இன்றைய உறுப்பினர்கள். அடுத்த வருடம் சேரப்போகிறவருக்கு வாக்கும் இல்லை, கூட்டத்தில் குரலும் இல்லை. சொத்துப் பிரிக்கும்போது வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் பங்கை அண்ணன்மார் கூடித் தீர்மானிப்பது மாதிரிதான் இது. அண்ணன்மார் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் அங்கே இல்லாதவனுக்காகப் பேச ஒருவராவது வேண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு சொந்த வரலாறு இருக்கிறது. 1983-ல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனத்தில் அதன் தலைவர் ரொபர்ட் கிரான்டல் இரட்டைச் சம்பள முறையைக் கொண்டுவந்தார். ஏற்கனவே இருந்தவர்களுக்குப் பழைய சம்பளம், புதிதாக வருவோருக்கு மிகக் குறைந்த இன்னொரு சம்பளம். அங்கிருந்த விமானிகளின் தனிச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. தங்கள் சம்பளத்தில் கை வைக்கவில்லையே என்ற ஆறுதல்தான். அதையே யுனைட்டட் நிறுவனமும் கேட்டபோது, அங்கிருந்த விமானிகள் 1985 மே 17-ல் வேலையை நிறுத்தினார்கள். 29 நாள் நின்றார்கள். இன்னும் வேலைக்கே வராதவர்களின் சம்பளத்துக்காக, தங்கள் சம்பளத்தை விட்டுவிட்டு நின்றார்கள். அவர்களின் சங்கம் எது? பல நிறுவனங்களின் விமானிகள் சேர்ந்திருக்கும் அல்பா (ALPA). 2023-ல் நீங்கள் போய் இணைந்த அதே அல்பா.

அந்தக் கதையில் என் மனதை விட்டுப் போகாத பகுதி ஒன்று உண்டு. வேலைநிறுத்தம் வந்தால் பயன்படுத்தலாம் என்று யுனைட்டட் 570 புதிய விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தது. கனவு கண்ட வேலை கைக்கெட்டும் தூரத்தில். உள்ளே போனால் போதும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் போகவில்லை. சங்கத்தில் உறுப்பினராகக்கூட இல்லாதவர்கள், சங்கத்தின் பக்கம் நின்றார்கள். அதற்காக நிறுவனம் அவர்களுக்கு வேலை தர மறுத்தது. அல்பா அவர்களைக் கைவிடாமல் நீதிமன்றம் போய் வென்றது. அந்தப் போராட்டத்தால் இரட்டைச் சம்பளத்தை முழுதாகத் தடுக்க முடியவில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் அதற்கு ஒரு காலவரம்பு வந்தது. மூத்தவர்கள் இளையவர்களுக்காக நின்றபோது, இளையவர்களும் தங்களிடம் இருந்த ஒரே வாய்ப்பைப் பணயம் வைத்தார்கள். 2027-ல் உங்களுக்கு அந்த ஒற்றுமை தேவைப்படாது என்று யார் சொல்ல முடியும்?

'நாங்களும் அந்த நான்கு வருடத்தைத் தாண்டித்தானே வந்தோம்' என்று சிலர் சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். ஒருவர் பட்ட கஷ்டம் அடுத்தவர் பட வேண்டியதற்குக் காரணமாகாது. நீங்கள் சேர்ந்த காலத்து ரொறன்ரோ வாடகையும் இன்றைய வாடகையும் ஒன்றல்ல. வன்கூவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'பின்னால் கப்டனானதும் எல்லாம் சரியாகிவிடும்' என்ற பதிலும் எனக்குத் திருப்தி தரவில்லை. பின்னால் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? 2020-ல் கொவிட் வந்தபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பட்டியலின் அடியில் இருந்தவர்கள்தான்.

குறைந்த சம்பளம் வெறும் பண விஷயம் இல்லை என்பதை 2009 பெப்ரவரி 12 சொல்லிவிட்டது. இங்கிருந்து எல்லை தாண்டினால் வரும் பஃபலோவுக்குப் பக்கத்தில் கொல்கன் எயர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானிக்கு வருடச் சம்பளம் 16,000 டொலர் அளவில் இருந்தது என்பது விசாரணையில்தான் வெளியே வந்தது. வேலை செய்யும் இடத்தில் வீடு எடுக்க வழியில்லாமல், சியாட்டிலில் பெற்றோர் வீட்டிலிருந்து இரவோடு இரவாகப் பயணம் செய்து வேலைக்கு வந்தவர் அவர். விபத்துக்குச் சம்பளம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கப்டன் தவறாகக் கையாண்டதையே விசாரணை காரணமாகச் சொன்னது. எயர் கனடா கொடுப்பதும் அந்த மாதிரிச் சம்பளம் இல்லை. ஆனால் தொழில் தொடங்கும் ஒருவர் எங்கே தூங்குகிறார், எவ்வளவு களைப்போடு வருகிறார் என்பதை அவருடைய சம்பளம் தீர்மானிக்கிறது. அதைத் தாயாக நான் மறக்க மாட்டேன்.

2024-ல் உங்கள் சங்கம் ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் சொன்னது. 2013-ல் யுனைட்டட் விமானிகளுக்கும் உங்களுக்கும் இடையே சம்பள இடைவெளி 3 வீதம்தான், இப்போது சிலருக்கு அது 92 வீதம் என்றீர்கள். ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நானும் உங்கள் பக்கம்தான் இருந்தேன். அதே கேள்வியை உங்கள் காக்பிட்டுக்குள்ளேயும் கேளுங்கள்.

உங்கள் நிறுவனத்தின் கேபின் பணியாளர்கள் 2025 ஓகஸ்ட்டில் வேலைநிறுத்தம் செய்தபின் கிடைத்த சம்பள யோசனையில், ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவர்களுக்கு 12 வீதமும் மற்றவர்களுக்கு 8 வீதமும் முதல் ஆண்டு உயர்வாக இருந்தது. அது போதாது என்று 99 வீதமானோர் நிராகரித்தது வேறு விஷயம். கீழே இருப்பவருக்குக் கூடுதலாக என்று ஒரு சம்பளத் திட்டத்தை எழுத முடியும் என்பதையாவது அது காட்டியது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். முதல் நாளிலிருந்தே விமானத்துக்கும் இருக்கைக்கும் உரிய சம்பளம் புதியவருக்கும் வேண்டும். இதைப் பேச்சுவார்த்தையின் கடைசி இரவில் விட்டுக்கொடுக்கும் விஷயமாக வைக்காதீர்கள். பேச்சுவார்த்தைக் குழுவில், இன்னும் அந்த நிலைச் சம்பளத்தில் இருக்கும் ஒருவரையாவது உட்கார வையுங்கள். அப்புறம், பேச்சு தொடங்கும் முன் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்பீர்கள் அல்லவா? அதில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: 'புதியவர்களின் நிலைச் சம்பளத்தை ஒழிக்க, உங்களுக்கு வரும் உயர்வில் ஒரு சிறு பகுதியை விட்டுக்கொடுப்பீர்களா?' பதிலை எல்லா உறுப்பினர்களும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பெரும்பாலோர் ஆம் என்று சொல்வார்கள் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அன்புடன்,
மார்க்கத்திலிருந்து ஒரு விமானியின் தாய்