ரேடியோ ஃப்ரீ டோம் கேட்கிறேன், பாப்பா

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் எழுந்ததும் செல்லில் உங்கள் ரீயூனியன் தீவின் ரேடியோ ஃப்ரீ டோமைப் போட்டுவிட்டுத்தான் பால் காய்ச்சுகிறேன். தாத்தா டிரான்சிஸ்டரைத் திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவே பாரீஸ் செய்தி தேடுவாரே, அதைவிட இது எனக்குப் பிடிக்கிறது. பாரீஸ்காரர்கள் எழுதி வைத்ததைப் படிப்பார்கள். இதில் ஜனங்களே போன் போட்டுப் பேசுகிறார்கள். ஒருத்தி நாயைக் காணோம் என்கிறாள். ஒருவர் தண்ணீர் வரவில்லை என்று மேயரைப் பிடிபிடியென்று பிடிக்கிறார். கடலோர ரோட்டில் கல் விழுந்தால் அந்த வழியாகப் போகிறவனே சொல்லிவிடுகிறான். அங்கே பேசுகிற கிரியோல் பாஷை பாதிதான் புரிகிறது, இருந்தாலும் அணைக்க மனசு வருவதில்லை.

1981-ல் கமீய் சூத்ர் என்ற டாக்டர் ஆரம்பித்த ரேடியோ. 1991-ல் அவருடைய டி.வி. டிரான்ஸ்மிட்டர்களைப் பறிமுதல் செய்தபோது, தலைநகர் சேன் தெனியின் ஷோத்ரோன் பேட்டையில் கலவரமாகி எட்டு உயிர் போனது. அடுத்த வருஷமே அவர் தீவின் பிராந்திய சபையான ரெஜியோனுக்குத் தலைவரானார். தங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற இடத்தை ஜனங்கள் சும்மா விடுவார்களா?

2025 பிப்ரவரி 28-ம் தேதி கரான்ஸ் புயலன்று நான் நகரவே இல்லை. உச்சகட்டப் புயல் எச்சரிக்கையான வயலெட் எச்சரிக்கை என்றால் ஆம்புலன்ஸ்கூட வெளியே வராதாமே. ஒரு பெண் போன் போட்டு, வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே இருந்த நர்ஸுகளுக்கு நன்றி சொன்னாள். அதில் எங்கள் பெண்ணும் ஒருத்தி என்று எதிர்வீட்டு அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நீ அன்றைக்கு ஒரு நிமிஷம் பேசினாய். அப்புறம் வாட்ஸப்பில் கும்பிடு படம்தான் வருகிறது. யார் யாரோ அந்த ரேடியோவில் ஊருக்கே கேட்கிற மாதிரி மனசு விட்டுப் பேசுகிறார்கள், பாப்பா. பெற்றவளிடம் பேச உனக்கு என்ன?

ரேடியோவுக்கு பாட்டரி வாங்கி வை. கரண்ட் போனால் நெட்டும் போய்விடும், செல்லை நம்பாதே.

முன்பெல்லாம் சேன் தெனி பக்கத்துச் செய்திக்குத்தான் காது கொடுப்பேன். இப்போது தெற்கே சேன் பியேர் பக்கம் மழை என்றாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஏன் என்று உனக்கே தெரியும். சித்தி எதையும் மறைக்கத் தெரியாதவள், நீ அங்கே வீடு மாறியதைச் சொல்லிவிட்டாள். அங்கே வீடு எப்படி, ஜன்னல் கதவெல்லாம் புயலுக்குத் தாங்குமா, பக்கத்தில் யாராவது துணைக்கு இருக்கிறார்களா, அதை மட்டும் சொல். ராத்திரி டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டாதே. பாட்டரியை மறக்காதே, டார்ச்சுக்குத் தனியாக வாங்கு.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் காலை ஏழு மணி, எங்களுக்கு எட்டரை. அப்பா கோயிலுக்குப் போயிருப்பார், நான் தனியாகத்தான் இருப்பேன். போன் போடு. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

அம்மா