கண்ணி விரிப்பதல்ல, நடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வேட்டை நினைவுக் கட்டுரையில் விடியற்காலைப் பனியும் சோளத்தட்டை வாசமும் நன்றாகவே வந்திருந்தன. ஆனால் கவுதாரி பிடிப்பதைச் சொல்லும் பத்தி, பக்கத்தில் நின்று பார்க்காமல் காதில் கேட்டதை வைத்து எழுதியது போல இருக்கிறது. "கண்ணியை விரித்துவிட்டு உட்கார்ந்தால் கவுதாரி தானே வந்து விழும்" என்கிறார் கட்டுரையாளர். விரிப்பது வலையை. கண்ணியை நட வேண்டும்.

கண்ணி என்பது ஒரு நீளக் கயிறு. அதில் சாணுக்கு ஒன்றாக மூங்கில் முளைகள், முளைக்கு ஒரு சுருக்கு. பழைய ஆட்கள் சுருக்குக்குக் குதிரை வால் மயிரைத்தான் தேடுவார்கள். இரண்டு மூன்று இழையை முறுக்கினால் அது விறைப்பாக வட்டமாகவே நிற்கும், வெயிலில் மின்னாது. பிறகு வந்த நைலான் நரம்பு மலிவுதான். ஆனால் பளபளக்கும், காலில் மாட்டினால் தோலை அறுத்துவிடும். மயிர்ச் சுருக்குக்கும் ஒரு குறை உண்டு. பனியில் நனைந்தால் தொய்ந்து படுத்துவிடும்.

சுருக்கின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும். கவுதாரி தலையை முன்னே நீட்டி ஓடும் பறவை. கழுத்து நுழைந்து மார்பு தள்ளும்போது சுருக்கு இறுகும். உயர்த்தி வைத்தால் பறவை அடியில் குனிந்து போய்விடும். தாழ்த்தி வைத்தால் கால் மாட்டும், உதறுகிற உதறலில் கால் முறியும்.

தானே வந்து விழுவதும் கிடையாது. கூட்டத்தை நடத்திக்கொண்டு வர வேண்டும். மாடு மேய்க்கிறவர் நடக்கிற மாதிரி, பறவையை நேராகப் பார்க்காமல் அகலமாக வளைந்து வந்தால், கவுதாரி பறக்காமல் வேலி ஓரமாகவே ஓடும். கை தட்டினாலோ நாய் பாய்ந்தாலோ ‘விர்’ரென்று எழும்பி அடுத்த காட்டில் போய் இறங்கிவிடும். கட்டுரையில் நாயையும் கண்ணியையும் ஒரே காலையில் சேர்த்திருப்பதைப் படித்துச் சிரிப்புத்தான் வந்தது.

இன்னொரு முறை, பழக்கிய ஆண் கவுதாரியைக் கூண்டோடு வைத்துச் சுற்றிலும் கண்ணி நடுவது. வெளிச்சம் வரும் நேரத்தில் கூண்டுப் பறவை கத்தும். ‘என் எல்லைக்குள் எவன்?’ என்று அந்த இடத்துக்குச் சொந்தக்கார ஆண் சண்டைக்கு ஓடி வரும், பின்னாலேயே பெட்டையும். வெயில் ஏறினால் இது பலிக்காது. இப்படிப் பழக்கி வைத்த விலங்குக்கும் பறவைக்கும் தமிழில் ‘பார்வை’ என்றே பெயர் உண்டு. புறநானூறு 320-ஆம் பாட்டில் வேட்டுவன் வீட்டு முற்றத்தில் நிற்பது ‘பார்வை மடப்பிணை’, அதாவது பழக்கி வைத்த பெண்மான். இவ்வளவு பழைய சொல்லை விட்டுவிட்டு ‘டிக்காய்’ என்று ஆங்கிலத்தில் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டாம்.

கவுதாரி நம் மண்ணின் பறவை என்பதற்கு அதன் அறிவியல் பெயரே சாட்சி. பின்பாதி ‘பாண்டிசெரியானஸ்’, அதாவது பாண்டிச்சேரிக்காரன். 1789-ல் ஜெர்மானிய இயற்கையியலாளர் க்மெலின் வைத்தது. மழைக்காலத்தில் கூவும் கருமார்புக் காடைக்கும் அவரே அதே ஆண்டு சோழமண்டலக் கரையின் பெயரை வைத்தார்.

முயலைப் பற்றி ஒன்று. "வளையில் புகுந்த முயலைப் புகை போட்டுப் பிடித்தோம்" என்று வருகிறது. வளை தோண்டுவது வீட்டில் வளர்க்கும் சீமை முயல். காட்டு முயல் வளை தோண்டாது. புல்லை அழுத்திப் பள்ளமாக்கி அதில் படுக்கும். குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், சீமை முயல் குட்டி போலச் செக்கச் சிவந்த வெறும் உடம்பாக இராது. விரட்டினால் முயல் பெரிய வட்டமடித்துப் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். வலைக்காரர்கள் நம்பியது அந்த வட்டத்தைத்தான்.

தோட்டா விஷயத்திலும் தலைகீழ். "6-ஆம் எண்ணை விட 8-ஆம் எண் ரவை பெரிது" என்று அச்சாகியிருக்கிறது. ரவை என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டு. எண் ஏற ஏற ரவை சிறுக்கும். கவுதாரிக்கு 6, சேற்றில் மேயும் உள்ளான் பறவைக்கு 8 என்பது அந்தக் காலத்து வழக்கம். மாற்றிப் போட்டால் உள்ளான் போன்ற சின்ன உடம்பு சிதறிப்போகும், கவுதாரி காயத்தோடு முள்ளுக்குள் போய்ச் சாகும்.

சட்டம் பற்றிய வரியும் சரியில்லை. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த அன்றே எல்லா வேட்டையும் நிற்கவில்லை. சிறுவேட்டைக்கு உரிமம் வாங்க அந்தச் சட்டத்திலேயே வழி இருந்தது. அதை எடுத்தது 1991-ஆம் ஆண்டுத் திருத்தம். சுடுவது மட்டும் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணி வைப்பதும், உயிரோடு பிடிப்பதும், முட்டையை எடுப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. கடலைக்காட்டில் கிடைத்த கவுதாரி முட்டையைக் கோழிக்கு அடை வைப்பது ஊர்ப்பக்கம் விளையாட்டுப் போல நடக்கிறது. அதுவும் குற்றம்தான்.

கவுதாரி குறைந்ததற்குக் கண்ணிக்காரர்களை மட்டும் கட்டுரை குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு என்னும் வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தைப் போய்ப் பாருங்கள். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம். மேய, முட்டையிட, இரவு அடைய, மூன்றுக்கும் அங்கே இடம் இருக்கிறது. வேலியை வெட்டிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த காட்டில் வல்லூறு வந்தால் ஒளிய ஒரு புதர் கிடையாது. அங்கே கண்ணி வைக்க ஆளும் வேண்டாம்.

கடைசியாக, கட்டுரையோடு போட்டிருக்கும் படம் கவுதாரி அல்ல, பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. கவுதாரி அதை விடப் பெரிது. தொண்டையைச் சுற்றி மெல்லிய கருங்கோடு, சிவந்த கால், சேவலுக்குக் காலில் முள். அடுத்த இதழில் சரியான படத்தைப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளகோவில்.