மார்கழியில் மகளின் குரல்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்கால நோய்கள் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெங்கு, சளி, சேற்றுப்புண் எல்லாம் இருந்தன. மனசைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் டொராண்டோவில் வேலை பார்க்கிறாள். ஐப்பசி பிறந்தால் அவள் பேச்சு குறைந்துவிடும். “தூக்கமா வருது ஆத்தா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுவாள். பன்னிரண்டு மணி நேரம் தூங்கினாலும் அலுப்பு தீராது. சமைக்க மாட்டாள், ரொட்டியும் இனிப்புமாகச் சாப்பிட்டு உடம்பு போடும். பங்குனியில் பழைய பிள்ளையாகிவிடுவாள். மூன்று வருஷம் இதே கதை. நான் என்ன செய்தேன்? “பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு சோம்பல் ஆகாது” என்று கண்டித்தேன். பிள்ளையார்பட்டியில் அர்ச்சனை செய்தேன். கல்யாணம் முடித்தால் சரியாகிவிடும் என்று சொந்தத்தில் ஒரு பெரியவர் சொல்ல, ஜாதகத்தையும் கையில் எடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு சுடுகிறது.

நாலாம் வருஷம் அவளாகவே மருத்துவரிடம் போனாள். பருவகால மனச்சோர்வு என்றார்களாம். 1984-இல் நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்காவில் இதை விவரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். அவரே தென்னாப்பிரிக்காவின் வெயிலில் வளர்ந்து, அமெரிக்கக் குளிர்காலத்தில் தான் சோர்ந்துபோவதைக் கவனித்தவர். மார்கழியில் நம் ஊரில் பகல் 11½ மணி நேரம் இருக்கும். டொராண்டோவில் 9 மணி நேரம்கூட முழுசாக இல்லை. வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, வீடு திரும்பும்போதும் இருட்டு. காலை வெளிச்சத்தை வைத்துத்தான் உடம்பு தூக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. அது தவறினால் சிலருக்கு மனசும் சேர்ந்து சரிந்துவிடுகிறது.

தினமும் காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் உட்காரச் சொன்னார்கள். கூடவே மனநல ஆலோசனை. சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். சில வாரங்களில் அவள் குரல் தெளிந்தது. விளக்கை மட்டும் யாரும் தாமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். கண் நோய் உள்ளவர்களும், சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வருகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

நம் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை, இந்த நோய் இங்கே அபூர்வம்தான். சிலருக்குக் கோடையில் தூக்கம் கெட்டு, பசி அற்று, படபடப்பாக வருவதும் உண்டு. மாசம் எதுவானாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அத்தனை பெரிய வளவு வீட்டில் ஒற்றையாக இருக்கும் ஆச்சிமார்களுக்கும் இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள் நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்புக்கு, வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் அந்தந்த ஊரில் கூடி, இனிப்பு மாவில் ஏற்றிய நூல் திரியைச் சுடரோடு உண்டு, இழை எடுத்துக்கொள்கிறார்கள். வட நாடுகளில் இருட்டு மிகுந்த நாட்களும் அவைதாம். வராத பிள்ளை யார், ஏன் வரவில்லை என்று அன்றைக்கு ஒருவர் போய்ப் பார்த்துவர நகரத்தார் சங்கங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். என் மகள் இரண்டு நோன்புக்குப் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நோன்புக்கு முந்தைய இதழில் ஒரு மனநல மருத்துவரின் கேள்வி பதில் பகுதியைத் தாங்கள் வெளியிட்டால், அதை நானே அங்கிருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பள்ளத்தூர்.